முழங்காலில் பூசிய சப்பாத்துக் கறுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை தீனி வாளியோடு கொட்டிலுக்குப் போனபோது குதிரை என்னைப் பார்த்துக் கனைக்கவில்லை. இடது முன்காலை ஓரடி முன்னே நீட்டி, குளம்பின் நுனி மட்டும் மண்ணில் படும்படி வைத்துக்கொண்டு நின்றது. வாளியை ஆட்டிக் காட்டினேன். தலையைத் திருப்பியது, வரவில்லை.

கயிற்றைப் பிடித்து நாலு அடி நடத்திப் பார்த்தேன். இடது கால் நிலத்தைத் தொட்ட ஒவ்வொரு தரமும் தலை மேலே வெட்டி எழும்பியது. குதிரை எந்தக் காலில் நோவென்று தலையால்தான் சொல்லும். குந்தியிருந்து புறங்கையால் இரண்டு முன்கால்களையும் மாறிமாறித் தடவினேன். வலது கால் குளிர்ந்து கிடந்தது. இடது கால் கணுக்காலுக்கு மேலே கதகதவென்று வீங்கியிருந்தது. முழங்காலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் உள்ளங்கை கறுப்பு. முகர்ந்து பார்த்தேன். சப்பாத்துப் பொலிஷ்.

என் குதிரை கபில நிறம், முழங்காலுக்குக் கீழே மட்டும் கறுப்பு. பொலிஷ் பூசினால் யாருக்கும் தெரியாதுதான். துணியில் தேங்காய் எண்ணெய் நனைத்துத் துடைத்தேன். கறுப்பு போகப்போக உள்ளேயிருந்து தோல் உரிந்த சிவப்பு வந்தது. அதில் மணலும் தார்த் துகளும் ஒட்டியிருந்தன. விழுந்த குதிரை. விழுத்தியவர் யாரென்று எனக்குத் துடைத்து முடியும் முன்பே தெரிந்துவிட்டது.

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணை முறை. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வளவு. தெல்லிப்பழையில் எங்கள் குறிச்சியில் கோயில் காரியமென்றாலும் கூட்டமென்றாலும் முன்கதிரை அவருக்குத்தான். நான் கலியாணம் கட்டாதவள். பின்னேரங்களில் நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் இரசாயனம் படிப்பிக்கிறேன். கடற்கரை விடுதி ஒன்று உல்லாசப் பயணிகள் ஏறிப் போவதற்கென்று வைத்திருந்த குதிரைகளை, ஆட்கள் வராத காலத்தில் விற்றபோது, என் நாற்பத்தாறாவது வயதில் ஒன்றை வாங்கி வந்தேன். அந்த விடுதியில் குதிரைகளைப் பராமரித்தவரிடமே ஆறு மாதம் போய்ச் சவாரியும் பழகினேன். நான் முதன்முதல் ஒழுங்கையால் குதிரையில் வந்த அன்று, கோயில் மடப்பள்ளி வாசலில் நின்ற இருபது பேருக்குக் கேட்கும்படி அண்ணை சொன்னார்.

“உவளுக்கு ஏறுறதுக்கு மாப்பிள்ளை கிடைக்கேல்லை, குதிரையிலை ஏறிட்டாள்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். நான் கடிவாளத்தைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிறகு ஊரில் எனக்குப் பெயர் ‘குதிரைக்காரி’. ஐந்து வருடம் அதைக் கேட்டும் கேளாதவளாகத் திரிந்தேன். மறந்ததில்லை.

அப்படிப்பட்டவர் மகனின் கலியாணத்துக்குக் குதிரை கேட்டு வந்தார். லண்டனிலிருந்து வந்த மகன் மணவறைக்குக் குதிரையில் வரவேண்டுமாம். குரலெல்லாம் தேன். “எங்கடை வீட்டுக் குதிரை இருக்க ஏன் பிள்ளை வெளியிலை போவான்?” என்றார். ‘எங்கடை’ என்ற சொல்லை அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டேன். மாப்பிள்ளைப் பையன் நல்லவன், சின்ன வயதில் என் மடியில் வளர்ந்தவன் என்பதால் ஒத்துக்கொண்டேன். கயிறு என் கையில்தான் இருக்கும், நடை மட்டும்தான், ஓட்டம் இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார்.

கலியாணத்துக்கு முந்திய கிழமை, சனிக்கிழமை, கலியாண வீடியோவுக்குச் சில காட்சிகள் எடுக்கவேண்டுமென்றார். சனிக்கிழமைகளில் எனக்கு நல்லூரில் காலையிலிருந்தே வகுப்பு. “கட்டின இடத்திலை நிண்டு நாலு படம், அவ்வளவுதான்” என்றார். விட்டுவிட்டுப் போனேன். பின்னேரம் நான் திரும்பி வந்தபோது குதிரை குளித்து, வால் மயிர் சீவி, பளபளவென்று நின்றது. “பாத்தியோ, உன்னைவிடத் துப்பரவா வைச்சிருக்கிறன்” என்றார் அண்ணை. நான் அவருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு கசக்கிறது.

மிருக வைத்தியர் பத்து மணிக்கு வந்தார். காலைத் தூக்கினார், மடக்கினார், விரல் வைத்து நாடி பார்த்தார்.

“ரீச்சர், நரம்பு இழுபட்டிருக்கலாம். எலும்பிலை மயிர் மாதிரி ஒரு வெடிப்பு இருந்தாலும் இருக்கலாம். குதிரைக்காலை எக்ஸ்ரே எடுக்க இஞ்சை வசதியில்லை. கொஞ்ச நாள் வைச்சுத்தான் பாக்கவேணும்.”

“வெடிப்பெண்டால் என்ன செய்யிறது டொக்டர்?”

“அதை இப்ப யோசியாதேங்கோ. நடத்தாதேங்கோ. ஒரு நாளைக்கு மூண்டு தரம் ஐஸ் வையுங்கோ. நான் சொல்லாமல் நோ மருந்து குடுக்கவேண்டாம். நோ தெரியாட்டி அது காலை ஊண்டிப்போடும். வெடிச்ச எலும்பு அப்பிடித்தான் முறியிறது.”

முறிந்தால் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. குதிரைக்குக் கால் முறிந்தால் கடைசி ஊசிதான் என்று சவாரி பழக்கிய விடுதிக்காரர் சொல்லித் தந்திருக்கிறார்.

வைத்தியர் போனதும் வேலியடிக்குப் போனேன். அண்ணை வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நேற்றுக் குதிரையை ஓட்டினனீங்களோ?”

“நானோ? எனக்கேன் உந்த வேலை? கட்டின இடத்தை விட்டு அசையேல்லை.”

“முழங்கால் உரிஞ்சு கிடக்கு. மேலாலை பொலிஷ் பூசிக் கிடக்கு.”

“உதுக்குப் பூசுறதும் சீவுறதும் நீதானே. என்னைக் கேக்கிறாய்?” என்றுவிட்டுச் சிரித்தார். மடப்பள்ளி வாசலில் சிரித்த அதே சிரிப்பு.

மயிலிட்டியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் ஒருவர், துறைமுகத்து ஐஸை குளிர் போகாத ஒரு றெஜிபோம் பெட்டியில் நிறைத்துத் தினமும் காலையில் இறக்கித் தந்தார். ஐஸை உடைத்துச் சாக்கில் கட்டி, காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் குந்தியிருக்கவேண்டும். கை மரத்துப்போகும். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், வகுப்பு முடிந்து வந்து ஒரு தரம். குதிரை என் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டபடி நிற்கும். அந்த நேரம் முழுக்க நான் அண்ணையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய வெங்காயத் தறையில் உப்பைக் கரைத்து ஊற்றினேன். வாழைகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். பெண் வீட்டாருக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். எல்லாம் மனதுக்குள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் எப்போது செய்வது, எந்தக் கத்தி எடுப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். படிப்பிக்கும்போது கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நின்ற நாளும் உண்டு.

புதன்கிழமை அந்த வீடியோ எடுத்தவர் ரியூசன் சென்ரருக்கே வந்தார். என் வயதுக்காரர். படியடியில் நின்று, “ரீச்சர், எனக்கு நித்திரை வரேல்லை” என்றார். தன்னுடைய லப்ரொப்பைத் திறந்து காட்டினார்.

கடற்கரைப் பக்கத்துத் தார் றோட்டு. தலைப்பாகை கட்டி, மகனுக்கென்று தைத்த உடுப்பைத் தான் போட்டுக்கொண்டு, அண்ணை என் குதிரையில். குதிரையை முழு ஓட்டத்தில் விரட்டி வருகிறார். வளைவில் மணலில் முன்கால் வழுக்கி, குதிரை முழங்காலில் விழுகிறது. அண்ணை பக்கத்துப் பற்றைக்குள் போய் விழுகிறார். எழும்பி வந்து தடியால் குதிரையின் முகத்தில் மூன்று தரம் அடிக்கிறார். அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறது. பிறகு அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது.

“குதிரைக்காரிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கழுவி விட்டால் உவளுக்கென்ன தெரியும்? திருப்பி எடுங்கோ.”

நொண்டுகிற குதிரையில் மறுபடியும் ஏறினார்.

“எனக்கு இதிலை ஒரு கொப்பி வேணும்” என்றேன். அவர் “நான் தந்ததெண்டு சொல்லாதேங்கோ ரீச்சர்” என்று ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தார். அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

வெள்ளிக்கிழமை வைத்தியர் திரும்பவும் வந்தார். இந்தத் தரம் குறடு போன்ற ஒன்றால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் குதிரை துள்ளிக் காலைப் பறித்தது. வைத்தியரின் முகம் மாறிவிட்டது. லாடத்தைக் கழற்றி, குளம்பின் அடியைக் கத்தியால் மெல்ல மெல்லச் சீவினார். சாம்பல் கறுப்பாக, நாற்றத்தோடு, சீழ் பீறிட்டு வந்தது.

“எலும்புமில்லை, நரம்புமில்லை. குளம்புக்குள்ளை சீழ். மேலை வீங்கினதும் இதாலைதான். தப்பிச்சியள் ரீச்சர்!”

நான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு மணித்தியாலத்தில் அது காலை ஊன்றியது. எப்சம் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் குளம்பை ஊறவைத்துக் கட்டுப்போடும் வேலை மட்டும்தான் மிச்சம்.

“விழுந்ததாலை வந்ததோ டொக்டர்?” என்று கேட்டேன். ஓம் என்று சொல்லவேண்டுமென்று விரும்பினேன்.

“கல்லுக் குத்தியிருந்தாலும் வரும். ஆனால் இது ஆணி போன இடத்துக்குக் கிட்ட இருக்கு. லாடம் எப்ப அடிச்சது?”

“ரெண்டு கிழமைக்கு முன்னம்.”

“அப்ப லாட ஆணியாயும் இருக்கலாம். சொல்லேலாது.”

லாடம் அடிக்க ஆளைக் கூப்பிட்டவள் நான். “ஆணி ஒண்டு கொஞ்சம் உள்ளுக்குப் போட்டுது போலை” என்று அந்த மனிதர் சொன்னபோது, வகுப்புக்கு நேரமாகிறதென்று, பரவாயில்லை விடுங்கோ என்றவளும் நான்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். குதிரை விழுந்தது உண்மை, அடி விழுந்தது உண்மை, பொலிஷ் உண்மை. ஆனால் கால் போகப்போகிறது என்று நான் ஐந்து நாள் வளர்த்த கோபத்துக்குக் காரணமானது அநேகமாக என்னுடைய அவசரம். அதை அறிந்த பிறகும் கோபம் ஒரு துளி குறையவில்லை. இன்னும் ஏறியது.

கலியாணத்துக்கு மாப்பிள்ளை காரில்தான் போனான். இரண்டு நாள் கழித்து ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மாப்பிள்ளையின் மாமி என்ற முறையில் அவனுடைய சின்ன வயதுப் படங்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் வேலையை மச்சாள், அண்ணையின் மனைவி, எப்போதோ என்னிடம் தந்திருந்தாள். நான் படங்களை ஒழுங்காக அடுக்கினேன். தவழ்கிற படம், ஏடு தொடக்குகிற படம், பள்ளிக்கூடச் சீருடை. கடைசிப் படத்துக்குப் பிறகு அந்தத் துண்டு வீடியோவை வைத்தேன்.

முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். படங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். அண்ணை தலைப்பாகையோடு திரையில் வந்ததும் விசில் அடித்தார்கள். அவர் விழுந்தபோது மண்டபமே சிரித்தது. முதல் அடியோடு சிரிப்பு அடங்கியது. மூன்றாவது அடிக்குப் பிறகு மின்விசிறிச் சத்தம் கேட்டது. “உவளுக்கென்ன தெரியும்” என்ற குரல் பெரிய ஒலிபெருக்கியில் சுவரில் மோதித் திரும்பியது. நான் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு இனித்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு இனிப்பை நான் அதற்கு முன் தின்றதில்லை.

அண்ணை எழுந்து போய் வயரைப் பிடுங்கினார். பெண்ணின் தகப்பனார் அவரைப் பார்க்காமல் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தார். மச்சாள் அழுதாள். நான் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பின்னால் ஓடிவந்தான்.

“மாமி, என்ரை கலியாணத்திலையோ செய்யவேணும்?”

நான் குனிந்து மற்றச் செருப்பைத் தேடினேன். அவன் திரும்பி உள்ளே போனான். லண்டனுக்குத் திரும்பும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை.

அடுத்த நாள் காலை அண்ணை கொட்டில் வாசலில் வந்து நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

“நீ என்னை வெட்டியிருக்கலாம் பிள்ளை.”

“நான் ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் செய்ததைத்தான் காட்டினன்.”

அவர் குதிரையின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். குளம்பிலிருந்து கணுக்கால்வரை வெள்ளைத் துணி.

“கால் எப்பிடி? தப்புமோ?” என்று கேட்டார். குரலில் உண்மையான பயம் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சீழ்தான், ஆணியாலும் வந்திருக்கலாம் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சொல்லவில்லை.

“டொக்டர் பாத்துக்கொண்டிருக்கிறார். முறிஞ்சால் ஊசிதானாம்” என்றேன்.

அவர் வாசல் மரக் கப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போனார். மண்டபத்தில் செய்தது ஊரறிய. இது எனக்கு மட்டும் தெரிந்தது. இதுதான் எனக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது.

இரண்டு கிழமையில் குதிரை முழுதாகத் தேறிவிட்டது. ஆனாலும் தேறியது தெரியக்கூடாதென்று ஒன்றரை மாதம் கொட்டில் படலையைச் சாத்தி வைத்தேன். விடிய முன்னம் பின்பக்கத் தோட்டப் பாதையால் மட்டும் ஏறிப் போனேன். அண்ணை கோயில் கூட்டங்களுக்குப் போவதை விட்டுவிட்டாரென்று கேள்விப்பட்டேன். மச்சாள் மீன்காரரிடம், “அந்தச் சீவனுக்கு எப்பிடி?” என்று விசாரிக்கிறாளாம். “எனக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ” என்று அவரையும் பொய் சொல்ல வைத்தேன்.

ஒரு நாள் தோட்டப் பாதையின் திருப்பத்தில் மோட்டார் சைக்கிளில் அண்ணை எதிரே வந்தார். குதிரை நல்ல துள்ளோட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. இழுத்து நிறுத்தினேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். குனிந்து இடது காலைப் பார்த்தார். கையை நீட்டி, என்னிடம் கேளாமல், முழங்காலில் காயம் ஆறியிருந்த இடத்தை இரண்டு விரலால் தடவினார். குதிரை விட்டுக்கொடுத்து நின்றது.

“எத்தினை நாளாய் ஓடுது?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமையே காலை ஊண்டிட்டுது. உங்கடை வரவேற்புக்கு முந்தின வெள்ளி” என்றேன். அதையும் அவருக்கு நோகவேண்டுமென்றுதான் சொன்னேன்.

விரல்களில் நாட்களை எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஐந்து வருடமாக நான் அவரைப் பார்த்துவந்த அதே வெறுப்புப் பார்வை. மோட்டார் சைக்கிளை உதைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் கதைப்பதில்லை. நான் பகலில், ஒழுங்கையால், எல்லோரும் பார்க்கத்தான் குதிரையில் போகிறேன்.