அரிவாள்மணையில் மடங்கிய கால்

அக்காவின் வலது காலில் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மறுபடி நடக்க முடியவில்லை. சேலையூர் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் கெண்டைக்கால் இறுகி, யார் வீட்டு கேட்டையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு புண் ஆறாமல் கறுத்து வந்தது. சர்க்கரையும் உண்டு.

மேடவாக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கு நறுக்கிய காய்கறி கொடுப்பது அவள் தொழில். வாழைப்பூ, கொத்தவரங்காய், பொடியாக அரிந்த பீன்ஸ். என்ன வேண்டுமென்று முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். மிஷினில் வெட்டினால் காய் தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்பது அவள் கட்சி.

சம்மணம் போடக் கூடாது, குந்தக் கூடாது என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் அலட்சியம் செய்யவில்லை. கழிப்பறையை மாற்றிக் கட்டினாள். மேஜையில் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

தாம்பரத்தில் ஸ்டென்ட் வைத்த அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். காலை நீட்டிப் படுக்கவைத்து ஸ்கேன் செய்தார். திரையில் ரத்தம் மெலிதாக ஓடியது. முழங்காலை மடக்கச் சொன்னார். ஓட்டம் அநேகமாக நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் ஸ்டென்ட்டின் கம்பி வலை ஓரிடத்தில் அறுந்திருந்தது.

முழங்காலுக்குப் பின்னால் இறங்கும் ரத்தக்குழாய், கால் மடங்கும்போது சுருங்கும், வளையும், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் என்றார். உள்ளே இருக்கும் வலையும் கூடவே வளையவேண்டும். திரும்பத் திரும்ப வளைந்தால் கம்பி அறுந்துபோகலாம், அந்த இடத்தில் அடைப்பும் வரலாம். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"தரையில உட்கார்றீங்களாம்மா?"

"இல்ல சார். சம்மணம் போட்டே ஒரு வருஷமாகுது."

"அருவாமணையில உட்கார்றியேக்கா," என்றேன்.

"அது உட்கார்றதாடா? வேலை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி, எப்படி என்று காட்டச் சொன்னார். அவள் கட்டிலிலேயே வலது காலை இறுக மடக்கி, அரிவாள்மணைப் பலகையை அழுத்துவதுபோல் முழங்காலைச் சாய்த்து வைத்தாள். காய் முடிகிறவரை இப்படித்தான் என்றாள். அவர் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மணத்தைவிட இது ஜாஸ்தி மடங்குதும்மா. நான் சாப்பாட்டையும் பாத்ரூமையும்தான் கேட்டேன். இதைக் கேட்கல."

இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், சர்க்கரையும் இருக்கிறது என்றும் சொன்னார். இனி அந்த இடத்தில் இன்னொரு ஸ்டென்ட் வைக்க அவருக்கு விருப்பமில்லை. இடது காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து அடைப்பைத் தாண்டி இணைக்கவேண்டும். அப்படியும் ரத்தம் பாதம்வரை போய்ச் சேராவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும்.

ஆட்டோவில் வேளச்சேரி சாலை நெரிசலில் நின்றபோது அக்கா கேட்டாள்.

"விரலோட நிக்குமாடா?"

டாக்டர் அதைச் சொல்லவில்லை என்றேன். அவள் போனை எடுத்து, கொஞ்ச நாளைக்குக் காய் கிடையாது என்று ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று கட்டிலில் ஏறியதும் அவளுடைய வலது கால் தானாகவே மடங்கி அடியில் போயிற்று. நான் வாய் திறக்குமுன் அவளே பார்த்துவிட்டாள். முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டினாள். நர்ஸ் வந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் மறுபடி மடங்கியது.