தலைகீழாகத் தெரிந்த முகம்

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்ந்தபின், காரைக்காலில் பழைய மடிக்கணினிகளுக்கு விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். உயிர் திரும்பிவிடும், ஆனால் கண்ணோ காதோ ஏதாவது ஒன்று திரும்பாது. இந்த வேலையில் பாடுபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வராத வைஃபை

சுரக்குடி விவசாயி ஒருவர் மகளுடைய கணினியைக் கொண்டுவந்தார். எல்லாம் ஓடியது, வைஃபை மட்டும் எழுந்திருக்கவில்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடித் தேடி அலுத்து, வெட்கத்தோடு சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"வராட்டி போவுதுங்க டீச்சர். பரீட்சை முடியிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

தலைகீழ் கேமரா

கோவில்பத்து பிலோமினா வீட்டுக் கணினியில் வேறொரு சங்கடம். சில கணினிகளில் கேமராவைத் தலைகீழாகவே பொருத்திவிடுகிறார்கள். முன்பிருந்த விண்டோஸ், படத்தைச் சத்தமில்லாமல் நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸ் உள்ளதை உள்ளபடி காட்டியது. ஞாயிற்றுக்கிழமைதான் பிரான்சிலிருந்து மகள் அழைப்பாள். இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை கணினியோடு திரும்பி வந்தார்.

"அப்பா வவ்வா மாதிரி தொங்குறாருன்னு ஒரே சிரிப்பு டீச்சர். அவ சிரிச்சு எத்தனை நாளாச்சு."

நிமிர்ந்த படம்

அந்த வாரமே வழி கண்டுபிடித்து இரண்டு வரி சேர்த்தேன். படம் நிமிர்ந்தது. எனக்குச் சின்னதாக ஒரு கர்வம்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு பிலோமினா வந்தார். கணினியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் பேசினார். கணினி ஓடாமல் கிடந்த நாட்களில் கணவருக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது. மகளோ நிறைமாதம். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி, அவரை வெறுமனே கையசைக்க வைத்திருக்கிறார். தலைகீழ் முகத்தில் அந்தக் கோணல் மகளின் கண்ணில் படவில்லை. இன்று காலை, மகள் அழைக்குமுன் திறந்து பார்த்தால், நிமிர்ந்த படத்தில் அது மட்டும்தான் தெரிந்ததாம்.

என்றைக்காவது சொல்லத்தானே வேண்டும் என்றேன்.

"சொல்லுவோம் டீச்சர். புள்ள பொறந்து, அவ எந்திரிச்சு உக்காரட்டும். அதுவரைக்கும் அவரு தொங்கிக்கிட்டே இருக்கட்டும்."

சரியாக ஓடிய ஒன்றை அத்தனை அக்கறையாகக் கெடுத்துக் கொடுத்தது, இத்தனை வருடத் தொழிலில் அந்த ஒரு முறைதான்.