ஏலத்தில் எடுத்த திரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் குடியிருந்த சந்தின் ஒரு பக்கம் முழுக்க ஒரு சினிமா தியேட்டரின் பின்சுவர். அப்பா சபையில் உபதேசியார். சினிமா பார்ப்பது பாவம் என்பதில் எங்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது. ஆனால் சத்தத்தை யார் தடுப்பது? மாலைக் காட்சி தொடங்கிவிட்டால் சண்டையும் அழுகையும் பாட்டும் சுவரைத் தாண்டி அடுக்களை வரைக்கும் வந்துவிடும். அப்பா காதில் விழாதவர் மாதிரி ஜெபத்தைத் தொடங்குவார். நான் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டே முழங்கால் போடுவேன்.

பார்க்க முடியாததைச் சேர்க்க ஆரம்பித்தேன். தோழிகள் பார்த்துவிட்டு வந்த படத்தின் அரை டிக்கெட், பஸ் ஸ்டாண்டில் விற்ற பாட்டுப் புத்தகம், கைக்குக் கிடைத்த துண்டு ஃபிலிம். பின்னால் மதுரையில் நர்சிங் படிக்கும்போதுதான் முதன்முதலாக ஒரு படம் பார்த்தேன். படம் பார்ப்பது சீக்கிரமே பழகிப்போனது. சேர்க்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வீட்டில் ஒரு பீரோ நிறைய சினிமாச் சாமான்கள். என்னைப் போன்றவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம்; ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏலம் நடக்கும். ஆராதனை முடிந்து வந்து போனைக் கையில் எடுத்தேன் என்றால், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் காவலுக்கு நிற்பவர் போலப் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் தோற்றுவிட்டால் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வருவார்.

அந்தக் குழுவில்தான் செய்தி வந்தது. எங்கள் சந்தை ஒட்டிய அதே தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள், உள்ளே இருக்கும் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று. படம் தொடங்கும் முன் காட்டும் கண்ணாடி சிலைடுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகப் போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. லீவு சொல்லிவிட்டு இருவரும் காலையிலேயே பஸ் ஏறினோம்.

அந்தத் தியேட்டருக்குள் நான் அதுவரை கால் வைத்ததே இல்லை. மேற்கூரையில் சில தகடுகளைக் கழற்றியிருந்ததால் வெயில் பட்டை பட்டையாக இறங்கி வந்தது. நாற்காலிகளைப் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வெறும் தரை சரிந்துகொண்டே போய், கடைசியில் மேடைமேல் அந்தத் திரை நின்றது. படம் ஓடாத திரை அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டேன், கணவரும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்.

ஏலம் தொடங்கச் செத்த நேரம் இருந்தது. பழைய மேனேஜரே ஏலம் விட வந்திருந்தார், வயதானவர். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினார்.

பின்பக்கம் இருட்டு. ஆள் உயரத்துக்கும் மேலான ஸ்பீக்கர்கள் தூசி போர்த்தி நின்றன. திரும்பித் திரையைப் பார்த்தேன்.

திரை முழுக்க ஓட்டைகள். ஊசிமுனை அளவு ஓட்டைகள், எண்ணி மாளாதவை, வரிசை பிசகாமல். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம். கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் இருந்த அத்தனையும் தெரிந்தது: அடுக்கிய நாற்காலிகள், ஏலத்துக்கு வந்த ஆட்கள், கைகட்டி நிற்கும் என் கணவர். அங்கிருந்து யாருக்கும் என்னைத் தெரியவில்லை.

இத்தனை வருஷம் சினிமாச் சாமான்களைத் தேடித் தேடி வாங்கியவள் நான். திரையில் ஓட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பின்னாலேயே வந்த மேனேஜர், "சத்தம் வெளிய வரணும்லம்மா" என்றார். "பேசுதது ஸ்பீக்கரு. ஆனா பாக்குதவனுக்குப் படத்துல தெரியுத வாயில இருந்து வாரமாரிதான இருக்கணும்?"

ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம்தான் எங்கள் சந்து. சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இரும்பு, மின்விசிறி, புரொஜக்டர் எல்லாம் வரிசையாகப் போயின. அடுத்து திரை. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் சாவகாசமாக ஒரு தொகை கேட்டார். வத்திராயிருப்பில் யாரோ வைக்கோல் ஏற்றிப்போகும் லாரியை மூடக் கேட்டிருக்கிறார்களாம். யோசிக்காமல் என் கை உயர்ந்தது. அவர் ஏற்றினார், நானும் ஏற்றினேன். கணவர் குனிந்து, சிலைடு வாங்கத்தானே வந்தோம் என்று மெதுவாக நினைவுபடுத்தினார். கேட்டது, கை இறங்கவில்லை.

கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். அவர் தாயாருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்தபோது என்னைப் பார்த்திருக்கிறார்.

"இத வச்சு என்ன செய்யப் போறிய, சிஸ்டர்?"

"தெரியலண்ணே. ஆனா வைக்கோலு மேல போட விடமாட்டேன்."

அவர் சிரித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்றாம் தரமும் சொல்லியாயிற்று. திரை எனக்கு.

சிலைடுகளுக்கு என் கையில் மிச்சம் இல்லை. ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் சுவரில் மாட்டுவதற்கென்று அவற்றை எடுத்தார். பெட்டியை மூடுவதற்கு முன் கேட்டேன். நல்ல மனிதர், ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்க்க விட்டார். 'இடைவேளை' என்று சிவப்பில் எழுதிய ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சுருட்டிய திரையை லோடு ஆட்டோவில் ஏற்றி ராஜபாளையம் கொண்டுவந்தோம். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு இருந்ததால் கணவர் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். அப்பா போன பிறகு எங்களோடு இருக்கும் அம்மா, கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தார். வாழ்நாளில் ஒரு படம் பார்த்ததில்லை. என்ன சாமான் என்று கேட்டார். அந்தத் தியேட்டர்த் திரை என்று சொல்லிவிட்டு வசவுக்குக் காத்திருந்தேன்.

அம்மா துணியைத் தடவிப் பார்த்தார். "இடைவேள மணி கேட்டதும் உல வைப்பேன். கடைசிச் சண்டைக்குச் சோறு வெந்துரும், வடிச்சிருவேன். படம் மாத்திட்டான்னா மட்டும் ரெண்டு நாளைக்குக் குழைஞ்சு போகும்."

கணவர் சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே அடுக்களையில் அம்மாவும் அந்தப் படங்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது தோன்றியதே இல்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவியளுக்குத் தெரியாம இருக்குமா? குழைஞ்ச அன்னிக்கு, புதுப்படமான்னு கேப்பாவ."

மறுநாள் மொட்டைமாடியில் விரித்தோம். மாடி பத்தாமல் ஒரு ஓரம் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்கியது. கணவர் ஹோஸ் பிடிக்க, நான் மெல்லிய துணியால் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீராக ஓடி ஓடி, மெல்ல வெளுப்பு வந்தது. பிறகு இருவருமாக மேல் விளிம்பைக் கொடிக்கம்பியில் தூக்கிப் போட்டோம். வெயில் அந்தப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு துளித் தண்ணீர் அடைத்துக்கொண்டு நின்றது. அத்தனை துளிகளும் ஒருசேர மினுங்கின. கணவர் ஹோஸை மூட மறந்துவிட்டார். தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.