மூணாம் பாகம் எப்ப வரும்?

டிக்கெட் கவுன்ட்டர்ல உட்கார்ந்தா ஜனங்க டிக்கெட் கேட்பாங்கன்னு நினைக்கிறவங்க இந்த வேலைக்கு இன்னும் வரலைன்னு அர்த்தம். திருவள்ளூர்ல ஒரு பழைய தியேட்டர்ல பத்தொன்பது வருஷமா கம்பிக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கேன். பாத்ரூம் எங்க, கடைசி பஸ் போயிடுச்சா, எல்லாம் என்கிட்டதான். ரெண்டு மூணு வருஷமா ஒரே கேள்வி: ‘சர்ப்பமுடி’ மூணாம் பாகம் எப்ப வரும்?

அஞ்சு புத்தகமா வந்த மாயாஜாலக் கதை அது. ரெண்டைப் படமா எடுத்துட்டு, ராணி கல்லா உறைஞ்சு நிற்கிற இடத்துல ‘தொடரும்’னு போட்டுட்டுப் போயிட்டாங்க. எடுத்தவங்க ஏசி ரூம்ல இருக்காங்க, பதில் சொல்லிச் சாகிறவன் நான். வேற ஏதோ ஊர்ல இதே மாதிரி கம்பிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டிருக்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் சொல்றேன்.

பந்தியும் பட்டினியும்

ஒரு திங்கட்கிழமை ஊத்துக்கோட்டைப் பக்கத்துல இருந்து ஓர் அம்மா வந்தாங்க. பட்டா வேலையா கலெக்டர் ஆபீசுக்கு வந்தவங்க, அப்படியே தியேட்டருக்கும் நடந்துட்டாங்க. டிக்கெட் வேணாமாம், படம் எப்பன்னு தெரிஞ்சா போதுமாம். தெரியாதும்மான்னேன். ராணி உயிரோட வருவாளான்னாங்க. அதுவும் தெரியாது.

உண்மையைச் சொல்லணும்னா நான் ரெண்டு பாகத்தையும் பார்த்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம அதையும் சொல்லித் தொலைச்சேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க.

“அய்யே, பந்தியில குந்திக்கினு பட்டினி கெடக்கிற ஆளா நைனா நீ!”

படிச்சவர்

புத்தகம் படிச்சவங்க தனி ரகம். படிச்சது ஊருக்கே தெரியணும்னு வரிசையில நின்னு கதையை உடைப்பாங்க. ஒரு காலேஜ் பொண்ணு அப்படி ஆரம்பிச்சதும், செவ்வாப்பேட்டையில இருந்து வந்த ஓர் ஆள் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வரிசையை விட்டே ஓடினார்.

ஆசீர்வாதம் அப்படி இல்லை. காக்களூர் தொழிற்பேட்டையில லேத் மிஷின் ஓட்டுறவர். அவங்க அப்பா அம்மா அடுத்தவங்க நிலத்துல நாத்து நட்டவங்க. வீட்டுக்குள்ள முதல்ல வந்த கதைப் புத்தகமே இந்த அஞ்சுதான். கம்பெனி பஸ்ல போகவர படிச்சே முடிச்சிட்டார். யார் கேட்டாலும் கதையைப் பத்தி மூச்சு விட மாட்டார். வாராவாரம் ஏதாவது ஒரு படத்துக்கு வந்து, மூணாம் பாகம் எப்பன்னு மட்டும் கேட்பார். சர்க்கரையில வலது கண்ணு ஏற்கெனவே மங்கிப் போச்சு. இடது கண்ணை வெச்சுத்தான் பிழைப்பு ஓடுது. தெரிஞ்ச கதைக்கு ஏன்ப்பா இப்படி அலையுறேன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். சுத்திமுத்தி பார்த்துட்டு, குரலை இறக்கிச் சொன்னார்.

“கல்லு ஒடஞ்சு அவ கண்ண தொறக்குற எடம் ஒண்ணு கீது சார். பஸ்ல அத படிச்சுட்டு அளுதுட்டேன். இருக்கிற கண்ணால அத பாத்துடணும்.”

நான் ஒட்டின தேதி

தியேட்டர் வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள மூணாம் பாகம் ‘விரைவில்’னு போட்ட போஸ்டர் ஒண்ணு வெளுத்துக்கிட்டே இருந்துச்சு. எங்க ஊர்க்காரங்க போன்ல வர்ற செய்தியை நம்ப மாட்டாங்க. தியேட்டர் கண்ணாடிக்குள்ள இருந்தா அது வேதவாக்கு. ஒரு வெள்ளிக்கிழமை தெரியாது தெரியாதுன்னு சொல்லியே தொண்டை கட்டிப் போச்சு. செம பேஜாரு. ஒரு வெள்ளைத் தாள்ல ஸ்கெட்ச் பேனாவால ‘பொங்கல் வெளியீடு’ன்னு எழுதி, ‘விரைவில்’ மேல ஒட்டிட்டேன். யாரும் எனக்குச் சொல்லலை. நானா எழுதினது. கேள்வி நின்னுச்சு. ரசிகர்கள் வந்து சூடம் கொளுத்திட்டுப் போனாங்க.

ஆசீர்வாதம் வந்தார். கண்ணாடியில மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் படிச்சார். கவுன்ட்டருக்கு வந்து “கன்பார்மா சார்?”னார். பின்னாடி இருபது பேர் நிற்கிறாங்க. கன்பார்ம், நகருப்பான்னேன். அவர் சொன்னது எனக்குத் தெளிவாவே கேட்டுச்சு. கேட்டும் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிச்சேன்.

“இந்தக் கண்ணுலயும் ரத்தம் கசியுதாம், ஒடனே ஆபரேஷன் பண்ணணும்றாங்க. பண்ணாலும் பார்வ நிக்குமான்னு சொல்ல முடியாதாம். பொங்கலுக்கு மூணு வாரம்தானே, படத்த பாத்துட்டே படுத்துக்கிறேன் சார்.”

எஸ்தர் வந்த நாள்

பொங்கலுக்கு வேற படம் வந்துச்சு. மாலையோட வந்தவங்க என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாங்க. ஆசீர்வாதம் திட்டலை. அப்ப எப்ப சார்னு மட்டும் கேட்டார். முகத்தைப் பார்க்க முடியாம, அடுத்த மாசம்னு பேசிக்கிறாங்கன்னு இன்னொரு பொய்யைச் சொன்னேன். அதையும் நம்பிக் காத்திருந்தார்.

அந்த மாசமும் முடியுற நேரத்துல அவர் மனைவி எஸ்தர் வந்தாங்க. கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை, யூனிபார்மோடவே வந்திருந்தாங்க. வீட்டுக்காரர் கண்ணு முன்னாடி கறுப்பு கறுப்பா மிதக்குதுன்னு சொல்றாராம், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வர மாட்டேங்கிறாராம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க.

“அண்ணா, படம் வராதுன்னு நீயே வந்து சொல்லிடுண்ணா. டாக்டரு சொல்லியும் கேக்கல, பாஸ்டரு சொல்லியும் கேக்கல. தியேட்டர்காரரு சொல்லிக்கீறாருன்னே சொல்லிக்கினு கீறாரு.”

கவுன்ட்டரை மூடிட்டு அவங்களோட காக்களூருக்குப் போனேன். பட்டறை வாசல்லயே வெச்சு, தேதின்னு எதுவும் இல்லப்பா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன்னேன். அந்தத் தாளை யார் எழுதினதுன்னு மட்டும் வாய் வரலை. மறுநாளே போனாங்க, ஆபரேஷனும் நடந்துச்சு. நாள் கடத்திட்டீங்களேன்னு டாக்டர் கேட்டாராம். இப்ப அவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும்தான் தெரியும்.

காலைக் காட்சி

ஆயுத பூஜைக்குப் படம் வந்துச்சு. மேளம், பட்டாசு, பால் பாக்கெட், எல்லாம் உண்டு. காலைக் காட்சிக்கு எஸ்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆசீர்வாதம் வந்தார். மானேஜரை கவுன்ட்டர்ல உட்கார வெச்சுட்டு நானும் அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்தேன். கல்லு வெடிச்சதும் தியேட்டரே விசில் அடிச்சுச்சு. எஸ்தர் அவர் காதுல, “தொறந்துட்டா”ன்னாங்க. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியில வந்ததும் அவர் கையைப் பிடிச்சேன். அந்தத் தாளை எழுதினது நான்தான், என்னை மன்னிச்சிடு ஆசீர்வாதம்னேன். எங்க தியேட்டர்ல சீட் நம்பரை டிக்கெட்ல பேனாவால எழுதித் தர்றவனும் நான்தான்ங்கிறதை அந்த நேரத்துல நான் யோசிக்கவே இல்லை.

“தெரியும் சார். எத்தினி டிக்கெட்ல உன் கையெளுத்த பாத்துக்கீறேன், அது தெரியாதா? எனக்கும் ஒரு தேதி வேண்டியிருந்துச்சு, நீ குடுத்த, வாங்கிக்கினேன்.”

இப்ப நாலாம் பாகம் எப்பன்னு கேட்கிறாங்க, தெரியாதுன்னே சொல்றேன், அந்த ஒரு வார்த்தையைக் கத்துக்க எனக்கு அடுத்தவர் கண்ணு தேவைப்பட்டுச்சு.