கடைசிக் காம்பராவில் ஒரு மண்கூடு

1. நவம்பர் மழையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பின்பக்க மண்மேடு சரிந்து இறங்கியது. சுவர்கள் வெடித்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
2. எட்டுக் காம்பரா வீடுகளையும் காலி செய்தார்கள். பக்கத்து வீட்டார் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் போட்ட தற்காலிகக் கொட்டில்களுக்குப் போனார்கள்.
3. அப்பாவும் அம்மாவும் கொழும்பில் அக்கா வீட்டுக்குப் போனார்கள்.
4. எனக்கு ஹட்டனில் கட்டட வரைபடம் வரையும் வேலை. டிக்கோயாவில் ஓர் அறை எடுத்தேன்.
5. ஜனவரி, பெப்ரவரி முழுவதும் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாத குளிர். அறையில் நான் மட்டும்.
6. மார்ச்சில், காலியாகக் கிடந்த எங்கள் கடைசிக் காம்பராவில் ஒரு ஜோடித் தகைவிலான் குருவிகள் கூடு கட்டத் தொடங்கின.

ஆறாவதை நான் பார்த்தது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி லயத்துக்குப் போய், சுவர் விரிசல்களின் குறுக்கே நான் ஒட்டிவைத்திருந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்ப்பேன். துண்டு உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. அளக்க ஏதாவது இருந்தால் அங்கே போக ஒரு காரணம் இருக்கும், அவ்வளவுதான்.

கதவை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வழியாகக் குருவிகள் உள்ளே வந்து, எங்கள் டீவி இருந்த இடத்துக்கு மேலே, உத்தரத்தில் ஈரமண் உருண்டைகளை ஒட்டின. எண்ணினேன். அரைமணி நேரத்தில் இருபத்திரண்டு. ஒன்று ஒட்டிய உருண்டை கீழே விழ, மற்றது தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இரண்டும் வெளியே பறந்தன. அந்த வாரம் அலுவலகத்துக்கு வெளியே என் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

எங்கள் கூரைத் தகரங்களை நாலாம் காம்பரா அத்தைக்குத் தருவதாக அப்பா முன்பே சொல்லியிருந்தார். ஏப்ரலில், கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்த நேரத்தில், அத்தையும் மாமாவும் சுத்தியலோடு வந்தார்கள்.

"என்னா புள்ள, கண்ணாடிய பாக்க வந்தியா, குருவிய பாக்க வந்தியா?" என்றார் அத்தை.

"ரெண்டுந்தான் அத்த. குஞ்சு இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்க முடியுங்களா?"

மாமா சிரித்தார். "நமக்கே இன்னும் வீடு வரல. குருவிக்கு வந்துருச்சி."

அத்தை சிரிக்கவில்லை. "கொட்டில்ல அடுப்பு மேல ஒழுகுதும்மா. நேத்து சோறு வேகுறதுக்குள்ள அணைஞ்சி போச்சி."

 ஒரு தாளில் கூரையை வரைந்து காட்டினேன். கூடு முன்பக்கச் சரிவின் கீழ் இருந்தது. பின்பக்கச் சரிவை மட்டும் கழற்றினால் அத்தையின் அடுப்புக்குப் போதும். முன்பக்கத்தைக் காற்று தூக்காதபடி நான் கம்பியால் கட்டிவிடுகிறேன் என்றேன். மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏறினார்.

சுத்தியல் சத்தத்துக்குக் குருவிகள் இரண்டும் போய்விட்டன. வேலை முடிந்தும் திரும்பவில்லை. நான் முற்றத்தில் நின்றேன். மாமா தகரங்களைச் சுமந்துகொண்டு நடக்க, அத்தை போகாமல் என் பக்கத்தில் நின்றார்.

"ஒத்தையில அங்க டிக்கோயாவுல என்னா பண்ற?"

"வேலை இருக்கு அத்த."

"வேலை எல்லாருக்குந்தான் இருக்கு."

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அலகில் ஏதோ பூச்சியோடு ஒரு குருவி வாசலுக்குள் நேராகப் போனது. உள்ளே மூன்று குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கத்தின. "வந்துருச்சி, வந்துருச்சி!" என்று அத்தை என் கையில் அடித்தார். அன்று முழுவதும் அந்த இடம் சிவந்திருந்தது.

மே மாதம் குஞ்சுகள் பறந்துவிட்டன. மீதித் தகரங்களையும் மாமா கழற்றிவிட்டார். கூரையில்லாத சுவரை அளக்கத் தேவையில்லை. அத்தையின் அடுப்பு நனைவதில்லை. நான் டிக்கோயா அறையில்தான் இருக்கிறேன். போன இரண்டு சனிக்கிழமைகளும் எங்கும் போகவில்லை.