குலம் கேட்ட செயலியும் முதல் ஆடி வெள்ளியும்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். வாசலைக் கழுவினேன். விளக்குக்குப் புதுத் திரி போட்டேன். மகள் தர்ஷினியைப் பாலிடெக்னிக் வாசலில் இறக்கிவிட்டு, ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் கிளினிக்கைத் திறந்தேன். மறுநாள் ஆடி பிறக்கிறது என்பதால் மாலையில் கதம்பமும் வேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்த பிறகுதான் கைப்பேசியைப் பார்த்தேன். எங்கள் பழைய தோட்டத்து வாட்ஸ்அப் புலனக் குழு முழுவதும் என் மகளைத் திட்டிய செய்திகள்.

அம்மனை நம்பும் சகோதர சகோதரிகளுக்கு அந்த வாரம் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நான் நல்லவிதமாக வேண்டிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் தோட்டம் ஈப்போவை அடுத்த லகாட் ஊருக்கு அப்பால் இருந்தது. ரப்பர் மரங்கள் போய் இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியது. அதைக் கும்பிட்டவர்கள் மாநிலம் முழுக்கச் சிதறிவிட்டார்கள். தர்ஷினியும் ஒரு தோழியும் மாணவர்களுக்கான தொழில்நுட்ப வணிகத் திட்டப் போட்டி ஒன்றில் சேர்ந்திருந்தார்கள். தூரத்தில் இருப்பவர்கள் கைப்பேசியிலேயே அர்ச்சனைக்குப் பதிந்துகொள்ளலாம். பூசையில் தங்கள் பெயர் சொல்லப்படுவதை நேரலையில் பார்க்கலாம். அதற்கான செயலிதான் அவர்கள் திட்டம். இறுதிச் சுற்றுக்குப் போக ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு கோயிலிலாவது உண்மையான பூசை நாளில் அது பயன்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஆலயத் தலைவர் சுப்ரா அண்ணன் முதல் ஆடி வெள்ளியைக் கொடுத்திருந்தார்.

செவ்வாய் காலை தர்ஷினி இணைப்பைக் குழுவுக்கு அனுப்பினாள். செயலி பெயர் கேட்டது. நட்சத்திரம் கேட்டது. அடுத்துக் குலம் கேட்டது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது.

நகரத்துக் கோயிலில் அர்ச்சகர் கோத்திரம் கேட்பதை அவள் பார்த்திருக்கிறாள். நம் ஆட்களுக்குப் புரியட்டும் என்று குலம் என்று போட்டுவிட்டாள். எங்கள் கோயிலில் அந்தக் கேள்வியே கிடையாது. ஒரு காலத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களை, தாழ்ந்த சாதி என்று சொல்லித் தேர் வடம் தொட விடாமல் மறித்தார்கள். அடிதடியாகி, தேர் பாதி வழியில் நின்றது. அதற்குப் பிறகு தோட்டமே கூடி முடிவெடுத்தது: அம்மன் வாசலில் நீ என்ன ஆள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சுப்ரா அண்ணன் கீழ் லயத்துப் பிள்ளை. வடத்தை மறித்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர்.

அண்ணனின் குரல் பதிவு குழுவில் இருந்தது.

“ஜாதி கேக்க நம்ம கோயில்தான் கெடச்சுதா? ரத்தம் எங்கலா போவும்? பாட்டன் வடத்த மறிச்சான், பேத்தி போன்ல மறிக்கிறா. வெள்ளிக்கெழம ஒன்னும் கெடையாது. அந்தக் குடும்பம் கோயில் பக்கம் வரக் கூடாது.”

அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். படிச்ச திமிரு என்றார் ஒருவர். போலீசில் ரிப்போர்ட் செய்யுங்கள் அண்ணே என்றார் இன்னொருவர். போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர் அவர்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“புள்ள தெரியாம செஞ்சிட்டா அண்ணே. எடுக்கச் சொல்றேன்.”

“ஒங்க வீட்டுல எல்லாமே தெரியாமத்தான் நடக்கும்.”

“அவளுக்கு ஒங்க லயமும் தெரியாது, எங்க லயமும் தெரியாது.”

“அப்ப நீ சொல்லிக் குடுத்திருக்கணும். வைம்மா போன.”

தர்ஷினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தோழியின் அம்மா, எங்களுக்கு இந்த வம்பு வேண்டாம் என்று சொல்லித் தோழியைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பார்த்தேன்.

“நானும் பேர எடுத்துடுறேன் மா.”

“எடுக்காதம்மா. அம்மன் பாத்துக்குவா.”

“எந்த அம்மன்? அந்தக் கோயில் பேரையே இனிமே எங்கிட்ட எடுக்காத.”

போட்டி போனால் போகட்டும் என்றுகூட இருந்திருப்பேன். இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் பிறக்க வேண்டுமென்று நான் பால்குடம் எடுத்த கோயில் அது.

புதன்கிழமை ஆடி பிறந்தது. கதம்பத்தைச் சாத்தி விளக்கின் முன் உட்கார்ந்தேன். துதி வரவில்லை. கோபம்தான் வந்தது. “தாயே, அந்த மனிதர் வாயை அடை. என் பிள்ளையைச் சபையில் நிமிர்ந்து நிற்க வை.” இதைத் தவிர வேறொன்றும் நான் கேட்கவில்லை. அன்று எதுவும் நடக்கவில்லை. குழுவில் வசவு கூடியது. கிளினிக்கில் இரண்டு பேரின் சந்திப்பு நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன். எனக்கு அப்படி நடந்ததே இல்லை. வியாழக்கிழமை மாலை மறுபடியும் விளக்கின் முன் உட்கார்ந்து, “உனக்குக் காது கேட்கிறதா இல்லையா?” என்று அம்மனையே அதட்டினேன்.

கற்பூரம் அணைவதற்குள் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் ராஜம்மா அக்கா. சுப்ரா அண்ணனின் சொந்த அக்கா. ஹுத்தான் மெலிந்தாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். கால் முடியாமல் கோயிலுக்கு வந்து நாளாகிறது.

“டேய் சுப்ரா, நான் அர்ச்சனைக்குப் போட்டுட்டேன். என்ன கொலம்னு கேட்டுச்சு. அம்மன் பிள்ளைன்னு அடிச்சேன். ஒழுங்கா உள்ள போயிருச்சு. போன ஆடிக்கு எம் பேரச் சொல்லுடான்னு ஒங்கிட்ட எவ்வளவு கெஞ்சுனேன். மறந்துட்டேன்னு சொன்ன. இந்தப் பொட்டி மறக்காதுலா. நாளைக்கி எம் பேரு வரல, நான் லாரி புடிச்சாவது அங்க வருவேன்.”

சுப்ரா அண்ணன் பதில் போடவில்லை. நான் கைப்பேசியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் வாய் அடைந்தது. நான் கேட்டது அதுதான். ஆனால் அவர் வீட்டிலிருந்தே அவரை அடக்க ஆள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அறைக் கதவு திறந்தது. முந்தாநாள் இருந்த மனநிலையில் தர்ஷினி இணைப்பை எடுக்க மறந்திருந்தாள். அவள் கையில் கைப்பேசி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

“மா, ஆளுங்க புக் பண்றாங்க. எல்லாரும் ஒரே கொலம் போடுறாங்க.”

பார்த்தேன். லகாட்டிலிருந்து, தஞ்சோங் மாலிமிலிருந்து. எல்லோரும் அம்மன் பிள்ளை. திமிர் என்று எழுதியவரும் அம்மன் பிள்ளை. நான் பூசை அறைக்குள் போய்க் குப்புற விழுந்து அழுதேன்.

வெள்ளி காலையில் அண்ணன் போன் செய்தார். “அந்தக் கேள்விய எடுத்துட்டு வரச் சொல்லு ஒம் மகள. நீயும் வா. எங்கிட்ட பேசாத.”

போனோம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண், நாங்கள் பக்கத்தில் நின்றதும் தன் அர்ச்சனைத் தட்டை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். பூசை நேரத்தில் அண்ணன் ஒலிவாங்கியைத் தர்ஷினியின் கையில் திணித்தார். “நீயே படி. எல்லாரும் கேக்கட்டும்.” அவமானப்படுத்தத்தான் கொடுத்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அவள் படித்தாள். பெயர், நட்சத்திரம், அம்மன் பிள்ளை. பெயர், நட்சத்திரம், அம்மன் பிள்ளை. ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. ராஜம்மா அக்காவின் பெயர் வந்தபோது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணியை அடித்தார். தேவைக்கு மேல் அடித்தார்.

ஜூலை 25, வியாழக்கிழமை ஈப்போவில் இறுதிச் சுற்று. தர்ஷினி தனியாக மேடையேறினாள். நடுவர்களும் இரக்கம் காட்டவில்லை. “கடைசியில சாமியையும் விக்க வந்துட்டீங்களா?” என்றார் ஒருவர். மற்றொருவர், பெரிய கோயில்களில் கோத்திரம் கேட்பார்களே, அது இல்லாத செயலியை அவர்கள் எப்படி வாங்குவார்கள் என்று மடக்கினார்.

“கொலம் கேக்காம அர்ச்சனை பண்ற கோயிலுங்க நெறைய இருக்கு சார். மொதல்ல அவங்களுக்குத்தான் செய்றோம்.”

“வியாபாரம் குறையுமே?”

“கொறையட்டும் சார்.”

முதல் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் இடம். காரில் திரும்பும்போது அவளாகவே சொன்னாள்: “நாளைக்கி வெள்ளி மா. கோயிலுக்குப் போலாம்.” பரிசைவிட அந்த வார்த்தைக்காகத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

நம்புகிறவர்களே, மனம் சுத்தமான பிறகுதான் தாயிடம் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடு போங்கள். பழிவாங்கும் எண்ணத்தோடு போனாலும் அவள் கதவைச் சாத்துவதில்லை. நான் பாதிப் புத்தியோடு கேட்டேன். அவள் முழுதாகக் கொடுத்தாள். சுப்ரா அண்ணனை எனக்கு இன்னும் அவ்வளவாகப் பிடிக்காது. அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்கிறேன். முன்பு அவர் மேல் சாபமாக வந்தது, இப்போது முறையீடாக வருகிறது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

போட்டிக்கு மறுநாள், இரண்டாம் ஆடி வெள்ளி. எழுந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, ஒங்க நட்சத்திரம் என்ன?”

“எதுக்கு?”

“ஒங்க பேருல அர்ச்சனை போடணும்.”

“பரணி,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பதிந்தேன்.