லாரிக்குக் கொத்து வேலை

துருப்பிடித்த இரும்புக்கு ஏழு நாள், காலையும் மாலையும், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவன் நான். பித்துப் பிடித்து ஊற்றவில்லை. நல்ல நினைவோடு, பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பெஞ்சு தேய்த்த அறிவோடு, இரும்பு உறுதிப்பட வேண்டுமே என்ற அக்கறையில் ஊற்றினேன். இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பிறகு நான் செய்ததற்குத்தான் இன்றைக்கும் கோட்டைமேட்டுப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தோட்டம். பீளமேட்டில் மில் மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். எவ்வளவு பருத்தி விளைந்தாலும் வாங்க ஆள் இருந்தது. அங்கே என் மாமனார் ஒரு பருத்தி அரவை ஆலை வைத்திருந்தார். அவருடைய மாப்பிள்ளை மாட்டு வண்டியில் பருத்திப் பொதியோடு போய் இறங்குவதாவது என்று எனக்கு ஒரு வீம்பு. ஆனைமலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழையில் நனைந்து கிடந்த பழைய சின்ன லாரி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. என்ஜினைக் குறை சொல்ல முடியாது. உடம்புதான் மோசம். மட்கார்டில் விரலை வைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஏறி இறங்குவதற்கு இரண்டு பக்கமும் இருந்த தகரப் படிகள் ஓட்டை ஓட்டையாக இருந்தன.

என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, மாவு சலிக்கறதுக்குங்களா வாங்கினீங்க?"

கோட்டைமேட்டில் ஒரு ராவுத்தர் தகர வேலைப் பட்டறை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஊரில் பஸ், லாரி வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் போவார்கள். அதிகம் பேசமாட்டார், அவர் சுத்தியல்தான் பேசும். வண்டியை விட்டுவிட்டு வந்து நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். வலது பக்கப் படியில் உள்ளங்கை அகலம் இருந்த ஓட்டை இப்போது முறம் அகலம் ஆகியிருந்தது.

"என்னுங்க ராவுத்தரே, ஓட்டையை அடைக்கச் சொன்னா பெருசு பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கண்ணுக்குத் தெரியற துரு கொஞ்சமுங்க. உள்ள ஓடியிருக்கறது அதிகம். நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டித்தான் ஆகோணும்."

"எங்க வண்டி முடியற வரைக்கும் வெட்டுவீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. வெட்டிய இடத்தில் புதுத் தகரம் வைத்து, வரிசையாக ரிவிட் ஆணி அடித்து, சிவப்புப் பூச்சுப் பூசி, வலது பக்கத்தை முடித்தார். இடது பக்கத்துக்கு இன்னும் பத்து நாள் ஆகும் என்றார். எங்கள் காட்டிலோ பருத்தி வெடித்துக் கிடந்தது. பத்து நாள் பொறுக்க என்னால் முடியவில்லை. சீசன் முடிந்து கொண்டுவருகிறேன் என்று சொல்லி, பாதி வேலையோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்த புதிது அது. எங்கள் பக்கத்தில் சிமெண்ட் பைத்தியம் எல்லாரையும் பிடித்து ஆட்டியது. கிணற்று மேட்டுக்குச் சிமெண்ட், களத்துக்குச் சிமெண்ட், அம்மிக்கல் உடைந்தால் அதற்கும் சிமெண்ட். மாட்டுத் தொட்டி கட்டியது போக எங்கள் தொழுவத்தில் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்தேன், மூட்டையைப் பார்த்தேன். கொத்தனாரிடம் கரண்டியை இரவல் வாங்கினேன்.

ஓட்டைகளுக்கு அடியில் கோணிச் சாக்கைத் திணித்து, மணலும் சிமெண்டும் குழைத்து அப்பி, படியை மழமழவென்று இழைத்துவிட்டேன். தொட்டி கட்டியபோது, ஏழு நாள் தண்ணீர் விட்டால்தான் சிமெண்ட் இறுகும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். சரி என்று ஈரச் சாக்கைப் போர்த்தி, இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன்.

"கத்தரி நாத்துங்களா?" என்று கேட்டாள் மனைவி. "இல்ல, ரெண்டு வேளையும் ஊத்தறீங்களே, எப்பக் காய்க்குமுன்னு கேட்டேன்."

பத்து நாள் பொறுக்க முடியாதவன் ஏழு நாள் பொறுத்து, எட்டாம் நாள் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ராவுத்தர் செய்த பக்கத்தைவிட என் பக்கம் பார்வையாக இருந்தது. அவர் பக்கத்தில் ரிவிட் தலைகள் தெரிந்தன. என் பக்கம் வாழைத்தண்டு மாதிரி இருந்தது.

முதல் தடவை பருத்தி ஏற்றிக்கொண்டு பீளமேட்டுக்குப் போனபோது மாமனார் வலது பக்கமாக வந்து நின்று, குனிந்து, ரிவிட் வரிசையைத் தடவிப் பார்த்தார்.

"யாருங்க மாப்பிள்ளை இது, ராவுத்தருங்களா? கையில வேலை இருக்குது போங்க."

அவர் இரண்டு பஸ் வாங்கி விடுவதாக இருந்தார். அந்த வாரமே ராவுத்தரைக் கூப்பிட்டு, இரண்டுக்கும் பாடி கட்டும் வேலை உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். ராவுத்தருக்கு அதுவரை ஒட்டு வேலைதான். முழு பஸ்ஸாகக் கட்டி, அது ஊரெல்லாம் ஓடுகிற யோகம் முதன்முதலாக வந்தது. பட்டறையில் பஸ் கூட்டுக்குத் தேக்குச் சட்டங்களை வாங்கி அடுக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் பெருமைதான், ஏதோ நானே கை தூக்கிவிட்டது மாதிரி.

மூன்றாவது நடையில் இடது படியில் மயிரிழை அளவு ஒரு விரிசல் தெரிந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் அதன் மேல் பச்சைப் பெயிண்டைத் தடவியவனும் நான்தான்.

நான்காவது நடை. ஆலை வாசலில் எடை போடக் காத்திருந்த குடியானவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். மாமனாருக்கு அன்றைக்கு உற்சாகம். மாப்பிள்ளை வண்டியில் ஒரு சுற்று வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். சுற்றி வந்து நிறுத்தினேன். இடது பக்கமாக இறங்கினார். கனமான ஆள். படியில் கால் வைத்தார், படி அவரை முழங்கால் வரைக்கும் உள்ளே வாங்கிக்கொண்டது. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டிக்குள், கையில் கதவு. நான்கு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வேட்டி கிழிந்து, காலின் முன்பக்கத் தோல் உரிந்து, கணுக்கால் அங்கேயே வீங்கிவிட்டது.

பொதி மேல் உட்கார வைத்தோம். கீழே கிடந்த ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார்.

"என்னுங்க மாப்பிள்ளை இது? கல்லுங்களா?"

"சிமெண்டுங்க மாமா."

"லாரிக்குள்ள சிமெண்ட் எங்கிருந்துங்க வந்துச்சு? ராவுத்தர் பண்ணின வேலைங்களா?"

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று ஒரு சொல் போதும். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதோடு விட்டேனா? என் வாய்க்கு எப்போதும் ஒரு வேகம் உண்டு.

"தகர வேலைக்குக் குடுத்தனுங்க மாமா. அவரு கொத்து வேலை செஞ்சு குடுத்துப்போட்டாரு. நல்லவேளை, இன்னும் பத்து நாள் உட்டிருந்தா மேல மாடியும் கட்டியிருப்பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். வலியில் முகம் சுளித்துக்கொண்டிருந்த மாமனாரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. இதை எழுதும்போது காது சுடுகிறது, ஆனாலும் இனித்தது என்றுதான் எழுத வேண்டும்.

சாயங்காலத்துக்குள் பஸ் வேலை பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது.

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்கு வந்திருந்தது. நுழைந்ததும் மனைவி கேட்டாள். அவளிடம் மறைக்க முடியாது. தண்ணீர்க் குடத்தை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

"எங்கய்யன் கால் போனதுக்கு அந்த மனுசனப் போய்த் திட்டறாங்க. நீங்க என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் திட்டலை அம்மணி. சும்மா ஒரு வார்த்தை..."

"நான் போய் எங்கய்யன்கிட்டச் சொல்றதுக்கு எந்நேரமாகும்? அப்புறம் அந்த வாசல்ல நீங்க நிக்க முடியுமா? நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க."

மறுநாளே போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மாமனார் காலில் எண்ணெய்த் துணி சுற்றிக் கட்டிலில் படுத்திருந்தார். நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில். நான் "மாமா, அந்தப் படி விஷயமா..." என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அட, சரியான நேரத்துக்கு வந்தீங்க. ராவுத்தர் மாடி கட்டின கதையை இவருக்குச் சொல்லுங்க மாப்பிள்ளை. எனக்கு உங்களாட்டச் சொல்ல வரமாட்டேங்குது."

நான் சொன்னேன். மாடியோடு நிறுத்தாமல் ஒரு கிணறும் வெட்டிச் சேர்த்தேன். சொந்தக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் சோறு போடட்டுமா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

இரண்டு மாதம் ஓடியது. சீசன் முடிந்துவிட்டது. வண்டி தொழுவத்தில் ஒரு பக்கப் படி இல்லாமல் நின்றது. சிமெண்ட் விழுந்த இடத்தைச் சுற்றிலும், நான் ஊற்றிய தண்ணீரின் புண்ணியத்தில், கதவு வரைக்கும் துரு ஏறியிருந்தது. ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பட்டறையில் தேக்குச் சட்டங்கள் அடுக்கினபடியே இருந்தன, மேலே தூசி. ராவுத்தர் ஒரு தண்ணீர் வாளிக்கு அடி வைத்துக்கொண்டிருந்தார். பஸ் கட்டுவதற்கு இருந்த கை. லாரி, மட்கார்டு ஒன்றையும் அங்கே காணவில்லை. நான் வாசலில் தயங்கி நின்றபோது தெருவில் போன ஜட்கா வண்டிக்காரன் வண்டியை மெதுவாக்கி உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினான்:

"ஏனுங்க கொத்தனாரே! எங்கூட்டுச் செவுரு இடிஞ்சு போச்சுங்க, வாரீங்களா?"

எதிர்க் கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராவுத்தர் தலை நிமிரவில்லை. சுத்தியல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. இது அவருக்குப் புதிதில்லை என்று அதிலேயே தெரிந்தது. நான் வாசலில் நின்று, என் வாயில் பிறந்த வேடிக்கை ஊர் சுற்றி வந்திருப்பதைக் கேட்டேன்.

உள்ளே போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"ராவுத்தரே, அந்த எடது பக்கம்... நான் பூசினதுங்க. நானே குழைச்சு, நானே பூசி, ஏழு நாள் தண்ணி ஊத்தினேன். மாமன் கேட்டப்ப உங்க பேரைச் சொல்லிப்போட்டேன்."

டக். டக். டக்.

"உங்க பஸ் வேலை போனதுக்கு நான்தான் காரணமுங்க. கொத்தனார்னு மொதல்ல சொன்னதும் நான்தான்."

வாளியைத் திருப்பி வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் தட்டினார். அந்தத் தட்டலை என்னால் தாங்க முடியவில்லை. என் பாழாய்ப்போன வாய் மறுபடியும் துணைக்கு வந்தது.

"நெசமாச் சொன்னா கொத்தனாருங்கற பட்டம் எனக்குத்தான் வந்திருக்கோணும். நீங்க தட்டிப் பறிச்சுட்டீங்க!"

சொல்லிவிட்டு நானே சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். சுத்தியல் நின்றது. அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியுமுங்க, சிரிச்சவீங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."